ஒன்பது நாள் மூப்பு

லண்டனில் ஆறு மாதம் இருந்தேன். படங்களில் வருகிற அந்த மணிக்கூட்டுக் கோபுரத்தை நான் பார்க்கவில்லை. அரண்மனை, பாலம், ஆற்றங்கரையில் சுற்றுகிற பெரிய சக்கரம், ஒன்றையும் பார்க்கவில்லை. யாழ்ப்பாணம் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் வந்து, என்ன பார்த்தீர்கள் என்று ஆவலாகக் கேட்டார்கள். ஐஸ் போட்ட எட்டு மண்டபங்களில் கழிவறை எந்தப் பக்கம் என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றேன். பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.

நான் போனது என் தங்கை வசந்தியின் முதுகுக்காக. முள்ளந்தண்டில் தட்டு விலகி, சத்திரசிகிச்சை முடிந்து, குனியாதே, தூக்காதே, படியேறாதே என்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவள் கணவர் சிவநேசனுக்குப் பாண் சுடுகிற தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒரே மகன் நிதுசன், பதினைந்து வயது, பதினாறு வயதுக்கு உட்பட்டோர் லீக்கில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். விளையாடுகிற பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வந்து இருக்கவேண்டும் என்பது அவனுடைய கிளப்பின் விதி. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் மருந்து கொடுத்து இளைப்பாறிய, கலியாணம் செய்யாத தமக்கை ஒருத்தி ஊரில் சும்மா இருக்கிறாளே என்று வசந்திக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் பிள்ளை ஒருவன் ஐஸுக்குள் எப்படிப் போய் விழுந்தான் என்று கேட்பீர்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவனுடைய ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவன், கால் வளர்ந்துவிட்டதென்று தன் ஸ்கேட் சப்பாத்தை வசந்தியின் குட்மேய்ஸ் வீட்டில் விட்டுப் போயிருக்கிறான். ஏழு வயது நிதுசன் அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக் கம்பளத்தில் நடந்தானாம். அவ்வளவுதான். நான் போனபோது அவன்தான் அணியில் அதிகம் கோல் அடிக்கிறவன். ஒவ்வொரு கோலையும் யாராவது படம்பிடித்து அனுப்ப, சிவநேசன் அதைக் கனடா, பிரான்ஸ், யாழ்ப்பாணம் என்று உலகம் பூராவும் அனுப்பிவைப்பார். எனக்கு அந்தப் படங்களில் வெள்ளைத் தரையைத் தவிர வேறு எதுவும் விளங்கியதில்லை.

முதல் ஞாயிறு விடிய எழும்பினோம். அவனுடைய பையை நான் தூக்கிப் பார்த்தேன், அசையவில்லை. என் உயரத்துக்கு ஒரு பை. உள்ளே நெஞ்சுக்கவசம், முழங்கால் கவசம், தலைக்கவசம், இன்னும் என்னென்னவோ. திறந்ததும் வந்த நாற்றத்தை முப்பது வருட ஆஸ்பத்திரி அனுபவத்திலும் நான் கண்டதில்லை. அந்தச் சாமான்களைக் காயவைக்க வீட்டில் ஒரேயொரு சூடான இடம்தான் உண்டு, சாமித்தட்டுக்குக் கீழே இருக்கிற ஹீட்டர். வியாழன் பயிற்சிக்கும் ஞாயிறு ஆட்டத்துக்கும் பிறகு பிள்ளையாருக்கு முன்னால் கையுறைகள் விரித்துக் கிடக்கும். வசந்தி அதற்கும் சேர்த்துக் கூடுதலாக இரண்டு ஊதுபத்தி கொளுத்துவாள்.

இரண்டு பஸ் மாறவேண்டும். முதல் பஸ்ஸின் சாரதி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். இரண்டாவது பஸ்ஸில் தள்ளுவண்டிக் குழந்தை ஒன்று ஏற, நாங்கள் இறங்கவேண்டி வந்தது. யாழ்ப்பாணத்தில் மினிபஸ் கூரையில் ஆட்டையே ஏற்றுவார்கள். இங்கே ஒரு பையை ஏற்றுவதற்கு மனுப் போடவேண்டும் போலிருந்தது. மூன்றாவது பஸ்ஸில் ஏறி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அணி உடை மாற்றி முடிந்திருந்தது.

வெளியே பல் அடிக்கிற குளிர். கதவைத் திறந்து உள்ளே போனால் அதைவிடக் குளிர். பனி விழுகிற நாட்டில் காசு செலவழித்து உள்ளேயும் பனி செய்து வைத்திருக்கிறார்கள். பலகையில் போர்வையோடு பெற்றோர் இருந்தார்கள். "இடி அவனை, இடி!" என்று என் பக்கத்தில் இருந்த தாய் ஒருத்தி கத்தினாள். பக் என்கிற கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறதென்று என் கண்ணுக்குப் பிடிபடவேயில்லை. எல்லோரும் எழும்பினால் நானும் எழும்புவேன், எல்லோரும் இருந்தால் இருப்பேன். மூன்று முறை எழும்பியபின், அந்த மூன்றும் நிதுசன் அடித்தவை என்று அதே தாய் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

அவள் பெயர் ஷரோன். பஸ் ஓட்டுகிறவள். பையை ஏற்றாமல் என்னை விட்டுப் போன சாரதியைப் பற்றிச் சொன்னபோது, தானாயிருந்தாலும் ஏற்றியிருக்க மாட்டேன் என்றாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்துக்கொண்டது. அவளுடைய மகன் ஜேக், ஆட்டத்தில் நிதுசன் நிற்கிற அதே இடத்தில் ஆடுகிறவன். நிதுசன் களைத்து வெளியே வரும்போது ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் ஜேக்கை உள்ளே விடுவார்கள். மற்ற நேரமெல்லாம் தலைக்கவசத்தைக் கழற்றாமல் ஓரத்து வாங்குப் பலகையில் இருந்துகொண்டு கையுறையைக் கடிப்பான். ஷரோன் தன் குடுவைத் தேநீரை எனக்கு ஊற்றித் தருவாள். சீனி இல்லாத, சாயம் இல்லாத தண்ணீர். நான் மிளகாய் போட்ட உழுந்துவடை கொடுப்பேன். கண்ணில் நீர் வழிய முழுவதையும் தின்பாள்.

ஒக்டோபர் இப்படிப் போனது. ஒரு ஞாயிறு தென்லண்டனில் ஆட்டம் முடிந்து வருகையில் அதற்கு மேல் ரயில் இல்லையென்று தோர்ண்டன் ஹீத்தில் இறக்கிவிட்டார்கள். மழை. அங்கே ஒரு தமிழ்க் கடையில் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டோம். பரிமாறியவர் தஞ்சாவூர்க்காரர். நிதுசனின் மட்டையைப் பார்த்து, "தம்பி கிரிக்கெட்டா?" என்றார். "ஐஸ் ஹொக்கி" என்றான் இவன். அவர் சற்று யோசித்து, "ஆமா, அதுவும் நல்ல விளையாட்டுதான்" என்று சொல்லிவிட்டு இன்னும் இரண்டு இடியப்பம் வைத்தார். அன்றைக்கு நிதுசன் நான்கு கோல் அடித்திருந்தான். இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, இந்த முறை வட்டார அணிக்கு ஆள் எடுப்பார்கள், ஒவ்வொரு கிளப்பிலும் ஒருவரைத்தான் எடுப்பார்கள், எனக்கு அது வேண்டும் பெரியம்மா என்றான். பிள்ளைகள் தங்களுக்கு என்ன வேண்டும் என்று அப்படி நேராகச் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அதனால் எனக்கு அது நன்றாக நினைவில் இருக்கிறது.

நவம்பரில் ஒரு ஞாயிறு அணி முழுவதும் வாடகை பஸ்ஸில் வடக்கே போனோம். நெடுஞ்சாலையில் பஸ் புகை விட்டு நின்றது. வேறு பஸ் வர இரண்டு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். பிள்ளைகள் புல்வெளியில் இறங்கிப் பந்து எறிந்தார்கள். நானும் ஷரோனும் பஸ்ஸுக்குள்ளேயே இருந்து என் புட்டையும் அவளுடைய சீஸ் சான்ட்விச்சையும் மாற்றிச் சாப்பிட்டோம். அப்போதுதான் அவள் அந்தக் கதையைத் தொடங்கினாள்.

இந்த லீக்கில் பிள்ளைகளைப் பிறந்த ஆண்டை வைத்துத்தான் பிரிக்கிறார்கள், மாதத்தைப் பார்ப்பதில்லை என்றாள். ஜனவரியில் பிறந்த பிள்ளை அந்த வகுப்பில் மூத்த பிள்ளை. உயரம் கூட, பலம் கூட. டிசம்பரில் பிறந்தால் ஒரு வருடம் முந்திய பெரிய பையன்களோடு போய் இடிபட வேண்டும். "என் ஜேக் ஜனவரி இரண்டு. உங்கள் பையன் ஜனவரி ஐந்து. சில நாள் முந்திப் பிறந்திருந்தால் இரண்டு பேரும் இந்த வருடம் இந்த அணியில் நிற்க முடியாது. எங்களுக்கு அதிர்ஷ்டம், இல்லையா?" என்றாள்.

ஓம் என்று தலையாட்டினேன். நிதுசன் பிறந்தது ஜனவரி ஐந்தில் அல்ல. டிசம்பர் இருபத்தேழில். ஐந்து என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

அதைச் சொல்லத்தான் வேண்டும். யுத்தம் முடிகிற காலத்தில் வசந்தி வன்னிக்குள் அகப்பட்டிருந்தாள். பிள்ளை பிறக்க ஒரு மாதம் இருக்கையில் அரிசி தேடிப் போன சிவநேசன் மறுபக்கம் இராணுவத்திடம் பிடிபட்டார். உயிரோடு இருக்கிறாரா என்றுகூடத் தெரியாது. மார்கழி அமாவாசையன்று தரப்பாள் கூரைக்குக் கீழே பிள்ளை பிறந்தது. பிறகு முகாம். முகாமிலிருந்து விட்டபின் பிள்ளையோடு என் வீட்டுக்கு வந்தாள். யாரோ சொன்னார்கள் என்று ஒரு சாத்திரியிடம் போய்க் குறிப்புக் கேட்டிருக்கிறாள். பிள்ளை மூல நட்சத்திரம், முதலாம் பாதம், தகப்பனுக்கு ஆகாது என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வசந்தி சாப்பிடவில்லை. பிள்ளைக்குப் பால் வற்றியது. பிறப்புப் பதிய நான் படிவம் நிரப்பியபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, நல்ல நட்சத்திரத்துக்கு மாற்றி எழுது அக்கா என்று அழுதாள்.

எனக்குச் சாத்திரத்தில் ஒரு துளி நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் சாப்பிடவேண்டும். பஞ்சாங்கத்தைப் பார்த்தேன், ஒன்பது நாள் தள்ளி அசுவினி வந்தது. ஜனவரி ஐந்து என்று எழுதி, அறியத் தருபவர் என்ற இடத்தில் ஒப்பமும் வைத்தேன். ஆண்டு மாறுகிறதென்று கவனித்தேன். அதனால் யாருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். அன்று இரவு வசந்தி சோறு தின்றாள். இரண்டு வருடத்தில் சிவநேசனும் திரும்பி வந்தார். தன் பிள்ளையின் பிறந்த நாளை அவர் அந்தப் பத்திரத்தில்தான் படித்து அறிந்தார். தகப்பனுக்கு ஆகாத பிள்ளை என்ற பேச்சு அவர் காதில் விழக்கூடாதென்று வசந்தி என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அந்தப் பத்திரத்தோடுதான் மூவரும் பின்னர் லண்டன் போனார்கள்.

வடக்கே போன அன்றைய ஆட்டத்திலும் நிதுசன் இரண்டு கோல் அடித்தான். நான் எழும்பவில்லை. குளிரா என்று ஷரோன் கேட்டாள்.

வீட்டுக்கு வந்து, சிவநேசன் வேலைக்குப் போனபின் வசந்தியிடம் சொன்னேன். அவளுக்கு விஷயம் சட்டென்று பிடிபட்டது. பிடிபட்டதும் முகம் வெளிறியது. அவளுடைய பிரித்தானியப் பிரஜாவுரிமை விண்ணப்பம் போய்ப் பல மாதமாகிப் பதில் இல்லாமல் கிடந்தது.

"அக்கா, ஒரு திகதி பிழை எண்டு தெரிஞ்சால் எல்லாத் திகதியையும் கிண்டுவாங்கள். வாயைத் திறவாதை" என்றாள்.

திறக்கவில்லை. டிசம்பர் முழுக்க ஞாயிறுக்கு ஞாயிறு போய் ஜேக் கையுறையைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷரோன் தேநீர் ஊற்றித் தரும்போது கை நீட்டக் கூச்சமாக இருந்தது. மாலை மூன்றரைக்கே இருண்டுவிடுகிற ஊர். அந்த இருட்டு எனக்கு அப்போது வசதியாகத்தான் இருந்தது.

புத்தாண்டுக்குப் பிறகு வந்த பயிற்சியில் ஷரோன் ஒரு கேக் கொண்டுவந்தாள். நீலக் கிறீமில் இரண்டு பெயர், ஜேக், நிதுசன். இருவரும் ஒரே கத்தியைப் பிடித்து வெட்டினார்கள். எனக்கு ஒரு துண்டு தந்தாள். அதைக் கடதாசியில் சுற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்து, வீட்டுக்கு வந்து குப்பையில் போட்டேன். சாப்பிட மனம் வரவில்லை.

ஐந்தாம் திகதி அவனுக்கு அர்ச்சனை செய்யவேண்டுமென்று வசந்தி சொன்னாள். தன்னால் நிற்க முடியாது, நீ கூட்டிக்கொண்டு போ என்றாள். ஈஸ்ட் ஹாமில் கோயிலுக்குப் போனோம். சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார், நிதுசன் என்றேன். நட்சத்திரம் கேட்டார்.

மூலம் என்றேன்.

பதிவுக் கந்தோர்ப் படிவத்தில் பொய் எழுதின கை எனக்கு உண்டு. கோயிலில் அதே பொய்யைச் சொல்லும் துணிவு எனக்கு என்றைக்கும் வந்ததில்லை. இத்தனை வருடமும் ஊரில் இந்தப் பிள்ளையின் பெயரில் மாதாமாதம் அர்ச்சனை செய்தபோதெல்லாம் மூலம் என்றுதான் சொல்லிவந்தேன். அங்கே கேட்க யார் இருந்தார்கள்? இங்கே என் முழங்கையோடு ஒட்டி நின்றான்.

"பெரியம்மா, அசுவினி எல்லோ? அம்மா அப்பிடித்தானே சொல்லுறவ. மாத்தி எழுதச் சொல்லுங்கோ."

ஐயோ, தடுமாறிவிட்டேன் என்று சிரித்து மாற்றியிருக்கலாம். சீட்டு என் கையில் இருந்தது. மாற்றவில்லை. பரவாயில்லை வா என்று உள்ளே போனேன்.

வெளியே வந்து ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன், தின்னவில்லை. பஸ்ஸில் ஏறி மேல்தட்டில் இருந்ததும் போனை எடுத்தான். பஞ்சாங்கமும் இப்போது போனில் இருக்கிறது. மேனர் பார்க் வருவதற்குள் கணக்குப் பார்த்து முடித்துவிட்டான்.

"என்ர பிறந்த நாளுக்குக் கிட்ட மூலம் ரெண்டு திகதியில வருது. டிசம்பர் இருபத்தேழு, இல்லாட்டி ஜனவரி இருபத்திமூண்டு. எது பெரியம்மா?"

ஜனவரி இருபத்திமூன்று என்று சொல்லியிருக்கலாம். அதுவும் அதே ஆண்டுதான், அவனுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை. அதுவே அவனுக்குப் பதிலாகிவிட்டது.

குட்மேய்ஸ் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். தரப்பாள், சாத்திரி, தாய் சாப்பிடாமல் கிடந்தது, அவளுடைய விண்ணப்பம், எல்லாம். நடுவில் ஒரேயொரு கேள்விதான் கேட்டான், அப்பாவுக்குத் தெரியுமா என்று. தெரியாது என்றேன். இறங்கி நடக்கும்போது சொன்னான்.

"பதினேழு கோல் அடிச்சிட்டன். அதை யாரிட்டத் திருப்பிக் குடுக்கிறது?"

விளையாட்டை விட்டுவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. திடீரென்று விட்டால் ஏன் என்று கிளப் கேட்கும், தகப்பன் கேட்பார். சொல்லவும் முடியாது, விலகவும் முடியாது. அந்தக் கிழமை அவன் பள்ளிக்கூடம் போனான், பயிற்சிக்குப் போனான், முன்போலவே கையுறையைச் சாமிக்கு முன்னால் காயப்போட்டான். தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் கோல் அடிக்கவில்லை. அப்படி ஒரு நாள் இருக்கும்தானே என்றாள் ஷரோன். அதற்கடுத்த ஞாயிறும் அடிக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நான் கவனித்துப் பார்த்தேன். அதற்குள் எனக்கு அந்தக் கறுப்பு வட்டைக் கண்ணால் பின்தொடரப் பழகியிருந்தது. அவன் முன்போல ஓடினான், எதிராளியிடமிருந்து பறித்தான், வலை வரைக்கும் கொண்டுபோனான். அங்கே போனதும் யாருக்காவது தள்ளிவிட்டான். வலையை நோக்கி ஒரு தரம்கூட அடிக்கவில்லை. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத தண்டனை ஒன்றைத் தனக்குத் தானே எழுதிக்கொண்டிருந்தான் என்று அப்போதுதான் விளங்கியது. மண்டபத்தில் அத்தனை பேர் கத்திக்கொண்டிருக்க, எனக்கு அழுகை வந்தது.

பயிற்சியாளர் செக் நாட்டுக்காரர். கோபம் வந்தால் தன் மொழியில் திட்டுவார். முதலில் திட்டினார், பிறகு தட்டிக்கொடுத்தார், பிறகு கண்ணைச் சோதிக்கச் சொல்லி அனுப்பினார். கடைசியில் ஜேக்கை அவனோடு சேர்த்து உள்ளே விட்டார். நிதுசன் கொண்டுபோய்க் கொடுத்ததையெல்லாம் ஜேக் அடித்தான். பெப்ரவரி முடிவதற்குள் ஜேக் பதினொரு கோல் அடித்துவிட்டான். ஷரோன் என் கையைப் பிடித்து, உங்கள் பையனைப் போல மனம் யாருக்கும் வராது என்றாள். கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சிவநேசனுக்குத்தான் தாங்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியில் தன் ஷிப்ட் அட்டவணைக்குப் பக்கத்தில் மகனின் ஆட்ட அட்டவணையை ஒட்டி, கோல் எண்ணிக்கையைச் சிவப்பில் எழுதிவந்தவர். ஜனவரிக்குப் பிறகு சிவப்பு இல்லை. பிள்ளை பயந்துவிட்டானா, யாரும் அடித்தார்களா, காதல் கீதலா என்று என்னைத் துருவினார். நான் சமையலில் கவனமாக இருப்பதுபோல் நின்றேன். அவர் நல்ல மனிதர். கோபத்தில்கூடப் பிள்ளையை வாடா போடா என்று அழைப்பதில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச்சில் இறுதி ஆட்டம். சிவநேசன் யாரிடமோ கெஞ்சி ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். வேலைச் சப்பாத்தில் கோதுமை மா ஒட்டியிருந்தது. மூன்று பேருமாகப் பையைத் தூக்கிக்கொண்டு போனோம். வட்டார அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் இருவர் மேலே நின்றார்கள். சிவநேசன் எழும்பி நின்று போனில் படம்பிடித்தபடியே இருந்தார்.

கடைசி நேரம்வரை இரண்டுக்கு இரண்டு. மணிக்கூட்டில் ஒரு நிமிடமும் இல்லை. நிதுசன் நடுவில் பறித்துக்கொண்டு தனியே போனான். எதிர் அணிக் கோல்காப்பாளன் முன்னே பாய்ந்து விழுந்துவிட்டான். வலை திறந்து கிடந்தது. சும்மா மட்டையைத் தொட்டிருந்தாலே போதும், நானாயிருந்தாலும் அடித்திருப்பேன். மண்டபம் முழுக்க எழும்பியது. பக்கத்தில் சிவநேசன், "அடி ராசா" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், தனக்குச் சொல்வதுபோல.

நிதுசன் நின்றான். ஜேக் இருந்த பக்கம் தள்ளிவிட்டான். அவனே அடிப்பான் என்று ஜேக் நிமிர்ந்து நின்றிருந்தான். வட்டு அவன் காலுக்கு அப்பால் போனது. எதிர்ப் பையன் ஒருவன் அதை எடுத்துக்கொண்டு மறுபக்கம் ஓடி எங்கள் வலைக்குள் அடித்தான். அவ்வளவுதான். மூன்றுக்கு இரண்டு.

சிவநேசன் போனைப் பைக்குள் வைத்தார். பிறகு வட்டார அணிக்கு எடுத்தவர்களின் பெயர் வாசித்தார்கள். எங்கள் கிளப்பில் ஜேக். ஷரோன் அழுதுகொண்டே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அடுத்த வருடம் உங்கள் பையனுக்கும் கிடைக்கும் என்றாள். அடுத்த வருடம் இந்த வயது இல்லை என்பது அவளுக்கும் தெரியும். சொல்ல வேறொன்றும் இல்லாமல் சொன்னாள்.

சிவநேசன் அங்கிருந்தே நேராக வேலைக்குப் போனார். நானும் நிதுசனும் பஸ்ஸில் வந்தோம். நான் அவனிடம் கெஞ்சினேன். அப்பாவிடம் நான் சொல்கிறேன், பிழை என்னுடையது, அவர் விளங்கிக்கொள்வார் என்றேன்.

"வேண்டாம் பெரியம்மா. அப்பாக்கு ஆகாத பிள்ளை எண்டு அந்தாள் சொன்னதை அவர் ஏன் இப்ப கேக்கவேணும்? நான் ஏலாமப் போனன் எண்டே நினைக்கட்டும். செப்டெம்பரில புது சீசன், நான் அண்டர் எய்ட்டீன். அங்க ரெண்டு திகதியும் சரி. அங்க அடிப்பன்."

சொல்லக்கூடாது என்று என்னிடமும் வாக்கு வாங்கினான். தாய்க்கு ஒன்று, மகனுக்கு ஒன்று. சரி என்றேன். செப்டெம்பர் என்று ஒன்று இருக்கிறதே என்று அந்த ஒரு பஸ் பயணம் மட்டும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பத்து நாளில் என் விசா முடிந்தது. வசந்தி இப்போது நடந்தாள், குனியத்தான் பயந்தாள். விமான நிலையத்துக்குச் சிவநேசனும் நிதுசனும் வந்தார்கள். பெட்டி நிறுக்கிற வரிசையில் நின்றபோது சிவநேசன் என் பக்கம் திரும்பினார். நிதுசன் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரடி தள்ளி நின்றான். கேட்காததுபோல் வேறெங்கோ பார்த்தான்.

"அக்கா, ஆறு மாசமும் நீங்கள்தான் கூட இருந்தனீங்கள். வலை திறந்து கிடக்க ஒரு பிள்ளை அடிக்காமல் நிக்குமோ? அவனுக்கு உதில விருப்பம் விட்டுப்போச்சு எண்டால் செப்டெம்பருக்கு நான் பேர் குடுக்கேல்லை. படிக்கட்டும். வேற ஏதும் காரணம் இருந்தால் சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியுமோ?"

வரிசை நகர்ந்தது. நிதுசன் என்னைப் பார்த்தான். தலையை மிக இலேசாக, இல்லை என்று ஆட்டினான்.

"தெரியாது" என்றேன்.

சிவநேசன் நம்பினார். என் பேச்சை அவர் எப்போதும் நம்புகிறவர். அப்ப சரி, நிப்பாட்டுவம் என்று சொல்லி என் பெட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். உள்ளே போகிற வாசலில் நிதுசன் குனிந்து என்னைக் கட்டிக்கொண்டான். ஆறு மாதத்தில் இன்னும் உயர்ந்திருந்தான். காதோடு, "தாங்ஸ் பெரியம்மா" என்றான்.

பதினொரு மணித்தியாலம் விமானத்தில் இருந்தேன். தந்த சாப்பாட்டைத் திறக்கவில்லை.